மூலைத் துண்டு

ராய் ஆல்ஃப்ரெட் நோஸ்கே. பிறப்பு: 9 மார்ச் 1953, தனுண்டா, தெற்கு ஆஸ்திரேலியா. 2004 வரை பள்ளிப் பேருந்து ஓட்டினார். அவ்வாண்டு ஜூலையில் மனைவி க்வெண்டா காலமானார், பிள்ளைகள் இல்லை. 2005 அக்டோபர் முதல், பத்து இருக்கைகள் கொண்ட பழுப்புநிற வேனில், பரோசா பள்ளத்தாக்கின் ஒயின் தோட்டங்களுக்கு விருந்தினரை அழைத்துச் சென்றுவந்தார். குடித்துப் பார்ப்பவர்கள் வண்டி ஓட்ட முடியாது. வண்டி ஓட்டுபவர் குடிக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் அவருக்கு இது பதினோராவது கோடை.

நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் தேதி, வெயில், ஆட்கள், தோட்டங்கள் எனக் கட்டம் போட்டு எழுதுவார். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தலைப்பு கிடையாது. அதில் சனிக்கிழமைகளில் 20, 25, ஒருமுறை 35 என எண்கள் இருந்தன. அவை நிமிடங்கள். வெர்னா கிளைனிக்கோடு அவர் உட்கார்ந்து பேசிய நிமிடங்கள்.

வெர்னாவும் கணவனை இழந்தவள், வயது ஐம்பத்தொன்பது. ரோடன்பாக் தோட்டத்தின் சுவைக்கூடத்தில் வருவோருக்கு ருசிபார்க்க ஒயின் ஊற்றிக் கொடுப்பவள். ராயின் சுற்றில் அதுவே நான்காவது, கடைசித் தோட்டம். சரியாக மூன்றரைக்கு அங்கே போய்ச் சேர்வார். வாசலில் கொத்துக்கொத்தாய்த் தொங்கும் இலைகளோடு ஒரே ஒரு மரம், ஊரார் அதை மிளகுமரம் என்பார்கள். அதன் நிழலில் ஒரு வண்டி மட்டும் நிற்கலாம். அன்றைக்குக் கடைசியாக வரும் வண்டிக்கே அந்த நிழல் என்பது ஓட்டுநர்களுக்குள் எழுதப்படாத வழக்கம். காலையிலிருந்து வாங்கிய புட்டிகள் அந்த வண்டியில்தானே அதிக நேரம் வெந்துகொண்டிருக்கும். விருந்தினர் உள்ளே பெட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் வேளையில், வெர்னா பின்வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, வெண்ணெய்மாவைத் துகளாக மேலே தூவித் தானே சுட்ட ஸ்ட்ராய்சல் கேக்கை எடுத்துவருவாள். தட்டின் மூலைத் துண்டில்தான் மேல்மாவு கெட்டியாக, மொறுமொறுவென்று இருக்கும். பத்துக் கோடைகளாக அந்தத் துண்டு ராயுக்கே உரியது.

2016 ஜனவரி 9, சனிக்கிழமை. மூன்றரைக்கு அவர் போனபோது மர நிழலில் பளபளவென்று வெள்ளை வேன் ஒன்று நின்றது. அடிலெய்டிலிருந்து இதே தொழிலுக்கு வந்து இரண்டே ஆண்டுகளான ட்ரெவர் ஆரன்ஸின் வண்டி. ட்ரெவர் ராயின் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தாடியெல்லாம் கேக் துகள்.

"வா பெரிசு! வெயில்ல வதங்கிப் போயிட்டியே. வண்டியை அந்தப் பக்கமா போட்டுக்க," என்றான்.

"மூலைத் துண்டு தீந்துடுச்சு ராய்," என்றாள் வெர்னா. "நடுத்துண்டு தரட்டுமா?"

"பசிக்கலை," என்றார் ராய். அன்று குறிப்பேட்டின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் எழுதினார்.

அந்த வாரம் முழுவதும் வண்டி ஓட்டும்போதும் ராய் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ட்ரெவர் பாடுகிறான். ட்ரெவருக்கு நாற்பத்து நான்கு வயதுதான். ட்ரெவர் ஏதோ சொன்னபோது வெர்னா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பதினோரு கோடைகளில் தன் பேச்சுக்கு அப்படி ஒருமுறை சிரித்ததாக ராயால் நினைவுகூர முடியவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினார், சிரிப்புக்கு அதில் கட்டமே இல்லை. ட்ரெவர் மூன்றேகாலுக்கு வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அப்படியானால், தான் இரண்டரைக்கே போய்விடுவது. வழக்கம் எக்கேடும் கெடட்டும்.

ஜனவரி 16. வேனின் வெப்பமானி நாற்பத்து மூன்று காட்டியது. எட்டுப் பேர். பெர்த்திலிருந்து வந்த டொரீன், கிளைவ் தம்பதியர், தங்கள் மணநாளின் முப்பதாம் ஆண்டுக்காக, இரண்டாவது தோட்டத்தில் 1986ஆம் ஆண்டின் சிவப்பு ஒயின் ஆறு புட்டிகள் வாங்கினார்கள். இந்தக் காலத்துத் திருகுமூடி அல்ல, தக்கை அடைத்த புட்டிகள். பெட்டியைக் குழந்தையைப் போலத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்தார் கிளைவ்.

"ஜூன் மாசம்தான் திறக்கப்போறோம். பத்திரமா இருக்குமில்லையா?" என்றார் டொரீன்.

"நிழல்லதான் நிறுத்துவேன்மா. கவலையே படாதீங்க," என்றார் ராய். மூன்றாவது தோட்டமான குரோன்பெர்க் நெருங்கியதும், வண்டியின் வேகத்தைக் குறைக்காமலே அவர் சொன்னார்: "இங்க இன்னிக்கு அடைப்பு. வெயில் பாருங்க."

பதினோரு கோடைகளில் விருந்தினரிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. சொன்ன பிறகு காது மடல் சுட்டது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு இருபத்தைந்துக்கு ரோடன்பாக்கை அடைந்தார். மரத்தடி காலி. நிழல் விழுந்திருந்த இடத்தில் வண்டியைக் கச்சிதமாக நிறுத்திவிட்டு உள்ளே போனார். கூடத்தில் இருபது பேருக்கு மேல் நெருக்கியடித்து நின்றார்கள். வெர்னா நிமிர்ந்து பார்த்து, "என்ன ராய், கடிகாரம் ரிப்பேரா?" என்றாள். அவ்வளவுதான். மீண்டும் ஊற்றப் போய்விட்டாள். கேக் இன்னும் அடுப்பிலேயே இருந்தது. ராய் பின்வாசலுக்குப் போய்த் தானே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். எதிரே வெந்து கிடந்த கொடி வரிசைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம்.

மூன்றரைக்கு ட்ரெவரின் பாட்டுதான் முதலில் வந்து சேர்ந்தது. ராய் வேகமாக முன்பக்கம் போனார், நிழல் தன்னிடம் இருப்பதைக் காணும்போது அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக. போனவர் அப்படியே நின்றுவிட்டார். நிழல் கிழக்கே நகர்ந்திருந்தது. பழுப்பு வேன் கொதிக்கும் வெயிலில் நின்றது. பக்கத்து இடத்தில், அவர் வழக்கமாக நிறுத்தும் அதே இடத்தில், வெள்ளை வேன் குளிரக் குளிர நின்றது. இரண்டரை மணிக்கு இந்த நிழல் எங்கே விழும், மூன்றரைக்கு எங்கே போகும் என்பதை அவர் பார்த்ததே இல்லை. மூன்றரைக்கு முன்னால் அவர் ஒருநாளும் இங்கே வந்ததில்லை.

ட்ரெவரின் விருந்தினர் கைவிசிறியோடு இறங்கினார்கள். "குரோன்பெர்க் நிலவறை இருக்கே, அப்பா! வெளியவே வர மனசில்லை," என்றாள் ஒருத்தி.

கூடத்திலிருந்து வெளியே வந்திருந்த டொரீன் திரும்பினார். "குரோன்பெர்க்கா? அடைச்சிருக்குன்னு சொன்னீங்களே ராய்?"

"அடைப்பா? இப்பத்தானே அங்கிருந்து வர்றோம்," என்றான் ட்ரெவர். பிறகு ராயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று, "ஒருவேளை அந்த நேரத்துல சாத்தியிருப்பாங்க," என்று சேர்த்தான். அவன் காட்டிய அந்த இரக்கம்தான் ராயை இன்னும் அதிகமாகச் சுட்டது.

வாசலில் நின்ற வெர்னா எல்லாவற்றையும் கேட்டாள். நேரே போய்ப் பழுப்பு வேனின் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. ஜன்னலோரப் பெட்டியில் மூன்று புட்டிகளின் தக்கைகள் நெல்லளவு மேலெழுந்திருந்தன; ஒன்றின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

"இந்த மூணையும் இன்னிக்கே குடிச்சிடுங்க. ஜூன் வரைக்கும் தாங்காது," என்றாள் டொரீனிடம். "மத்ததை எங்க குளிர் அறையில வைக்கிறேன், ஊருக்குப் போறப்ப எடுத்துக்கங்க."

"தப்பு என்னோடது. பொய் சொன்னேன்," என்றார் ராய். கிளைவ் அந்த மூன்று புட்டிகளையும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பெட்டியோடு வெர்னாவிடம் கொடுத்தார்.

கிளம்பும் நேரம். எல்லோரும் ஏறிவிட்டார்கள். வெர்னா காகிதத் துவாலையில் சுற்றிய ஒன்றோடு ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்தாள்.

"அறுபத்தி ரெண்டு வயசுல நிழலுக்கு ஓட்டப்பந்தயமா?"

"நிழலுக்கு இல்லை."

"பின்ன எதுக்கு?"

ராய் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "அவன் பேசினா நீ சிரிக்கிற."

"அவன் கோமாளி, சிரிக்கிறேன். உன்னோட உக்காந்தா சிரிக்கணும்னு எனக்குத் தோணினதே இல்லை ராய். சும்மா உக்காந்திருந்தாலே போதும்னு இருக்கும்." அவள் துவாலையை நீட்டினாள். "அடுத்த சனிக்கிழமை மூன்றரைக்கு வா. இன்னிக்கு மாதிரி சீக்கிரம் வந்தா கேக் கிடையாது."

"மூலைத் துண்டா இது?"

"நடு. மூலையை அவன் தின்னுட்டான். வேணும்னா துப்பச் சொல்லவா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ராய் வண்டியைக் கிளப்பினார். பக்கக் கண்ணாடியில் வெர்னா பின்வாசல் பக்கம் நடந்து போவதும், அங்கே ட்ரெவர் எழுந்து அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போடுவதும் தெரிந்தன. வளைவு வரும்வரை பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

தனுண்டாவில் எல்லோரையும் இறக்கிவிட்ட பின் குறிப்பேட்டைத் திறந்தார். 16 ஜனவரி 2016. வெயில் 43. ஆட்கள் 8. தோட்டங்கள் 3. தலைப்பில்லாத கட்டத்தில், வண்டி ஜன்னலில் வெர்னா நின்று பேசிய நிமிடங்கள்: 4.