திங்கட்கிழமைக் குதிகால்

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில், காலையில் அம்மா வைக்கும் முதல் அடிக்கு வீடே பயந்தது. வலது காலை ஊன்றியதும் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கிறது என்பாள். சுவரைப் பிடித்தபடி பின்பக்கக் குழாய்க்குப் போவாள். அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதவள் போல ஆம்பூர் பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் ஷூக்களை எட்டு மணி நேரம் நின்றபடியே பார்க்க வேண்டும். அடிக்கடி உட்கார்ந்துவிடுகிறாள் என்று, சூப்பர்வைசர் ஒரு மாதம் கெடு வைத்திருந்தார். அதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள். எலும்பு வளர்ந்திருக்கும், அறுத்து எடுத்தால்தான் போகும் என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். அறுத்தாலும் பல வாரம் நிற்க முடியாது. அப்படியும் வேலை போய்விடும்.

வேலூரில் பார்த்த டாக்டரம்மா, கத்தியே வேண்டாம் என்றார். எழுவதற்கு முன் பாதத்தில் துண்டைப் போட்டு, விரல்களைத் தன் பக்கமாக இழுத்து முப்பது எண்ணும் வரை பிடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு மெத்தென்ற ஷூ போடாமல் தரையில் கால் வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளும்தான், அடுப்பின் முன்னாலும்தான்.

முப்பது எண்ணுவது என் பொறுப்பானது. பழைய நோட்டில் தேதி போட்டு, அம்மா சுவரைப் பிடித்து எத்தனை அடி நடந்தாள் என்றும் எழுதத் தொடங்கினேன். யாரும் சொல்லவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. நாள் முழுக்க ஈரத் தோலுக்கு நடுவில் நிற்கிறவர். ஆனால் செருப்பை வாசலில் விட்டு, காலைக் கழுவாமல் உள்ளே வர மாட்டார். எங்கள் வீட்டில் அடுப்பும் சாமி படங்களும் ஒரே அறையில். முதல் ஞாயிறன்று அம்மா வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு அடுப்பின் முன் நின்றாள். எனக்கு அவள் விமானம் ஓட்டுகிறவள் போலத் தெரிந்தாள். அப்பா அந்த ஷூவை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் எழுதிய பதினான்கு அடி மெல்லக் குறைந்து ஐந்துக்கு வந்தது. ஆனால் திங்கட்கிழமைகளில் மட்டும் மறுபடியும் பன்னிரண்டு, பதின்மூன்று. கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. லீவுக்கு மறுநாள் வலி ஏன் கூடுகிறது என்று அம்மாவைக் கேட்டேன். அவள் துண்டை மடித்து வைத்தாள். ஞாயிறன்று ஷூ வாசலிலேயே கிடப்பதை நானும் பார்த்திருந்தேன். அதற்கும் லீவு என்றே நினைத்திருந்தேன்.

ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அப்பா விடியுமுன் போய் இருட்டிய பின்தான் வருவார். அன்று அவர் வந்ததும் நோட்டைக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், வரிவரியாக விரலை வைத்து இறங்கினார். ஒவ்வொரு திங்களிலும் விரல் நின்றது. பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஷூ போட்றதில்லயா நீ?"

"நீங்க வூட்ல இருக்குறப்போ எப்டிங்க மாட்டிக்கினு சுத்துறது?"

"நா இன்னா சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலியே."

அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா எழுவதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார். வாசலில் கிடந்த ஷூவை எடுத்து, அடிப்பக்கத்தை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தார். படுக்கையின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். நான் மூன்று முப்பது எண்ணி முடித்ததும், அம்மாவின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி ஷூவுக்குள் விட்டார். தோல் மருந்தில் ஊறி நீலம் பாய்ந்த விரல்களால் நாடாவைக் கட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விடுங்க. பொண்ணு பாக்குறா."

"பாக்கட்டும்."

மறுநாள் திங்கள், நான்கு அடி. கெடு முடிந்த நாளில் அம்மா செக்கிங் டேபிளில் எட்டு மணி நேரமும் நின்றாள். அதற்குப் பிறகு பதினோரு வருடம் நின்றாள்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதிகள் சரி, எண்கள் சரி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதியது மட்டும் தவறு. அப்பா நாடாவைக் கட்டும்போது அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்து நான் எழுதியிருக்கிறேன்: 'இன்று வலி ஜாஸ்தி. அம்மா அழுதாள்.'