ஊசித் துளை எந்தப் பக்கம்

முதலியார்பேட்டை ஆலைத் தொழிலாளியின் மகள் செந்தமிழ்ச்செல்விக்கு மறதி என்பதே கிடையாது. மூளை ஆராய்ச்சிக்காரிக்கு அது பொருத்தம்தான் என்று தோழிகள் கேலி செய்வார்கள். பேராசிரியர் புருஷோத்தமனுக்கு அது ஆறு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் அவள் நான்கு வருஷம் மாடாய் உழைத்தாள். நடுக்குவாதம் வந்த எலிகளுக்கு மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் புது மருந்தைச் செலுத்துவார்கள். மறுபக்கம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பிறகு மூளையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது சீவல் புரண்டுவிட்டால் இடது எது, வலது எது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அதற்காகவே முன்கூட்டி ஒரு பக்கம் ஊசியால் துளை போடுவது வழக்கம். சோதிக்கிற பக்கத்தைப் புண்ணாக்கக் கூடாது என்று செல்வி மருந்து படாத பக்கத்தில்தான் குத்துவாள். தன் நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதியும் வைத்தாள்.

செல்களை எண்ணும் நேரம் வந்தது. புருஷோத்தமன் தகடுகளையும் நோட்டையும் அவளிடமிருந்து வாங்கி, நண்பரின் மகன் விக்ரமிடம் கொடுத்துவிட்டார். கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் விக்ரம், கடைசிப் பெயர் புருஷோத்தமன். நடுவில்கூட அவள் இல்லை. நியாயம் கேட்கப் போனவளிடம் அவர் நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்.

"எலி மூளைய சீவுறதெல்லாம் கை வேலம்மா. அதுக்கெல்லாம் பேரு போடுவாங்களா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்து கட்டுரையைப் பிரித்தவள் முதல் படத்திலேயே நின்றுவிட்டாள். துளை இருந்த பக்கத்துக்கு 'மருந்து' என்று போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில்தான் செல்கள் பிழைத்திருந்தன. உண்மையில் மருந்து பட்ட பக்கம் இன்னும் மோசமாக அழிந்திருந்தது. அவள் நோட்டை ஒருத்தரும் திறந்தே பார்க்கவில்லை.

ஒரு மெயில் போட்டால் போதும், திருத்திக்கொள்வார். அவள் போடவில்லை. ஏறட்டும், உச்சிக்கு ஏறட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மனுஷர் உடம்புக்கு அந்த மருந்து போகும் நாளில் வாயைத் திறப்பது என்று மட்டும் முடிவு செய்திருந்தாள். பெயரில்லாதவளுக்கு வேலை யார் தருவார்கள்? பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கடலூரில் ஒரு கல்லூரிக்கு ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தாள். இதற்குள் அவருக்கு விருதும் மாலையும் குவிந்தன.

கட்டுரை வந்து ஆறு வருஷம் கழித்து, போன மாசம் அந்த நாள் வந்தது. நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்க அவர் அனுமதி கேட்டிருந்தார். விசாரிக்கும் குழுவில் வெளி நிபுணராகச் செல்வி உட்கார்ந்திருந்தாள். நம்ம பொண்ணுதான் என்று அவர் எல்லோரிடமும் பெருமையடித்தார். செல்விக்குச் சிரிப்பு வந்தது. அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊசித் தொள எந்தப் பக்கம் சார் போட்டீங்க?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விக்ரமைப் பார்த்தார். விக்ரம் தரையைப் பார்த்தான். குழுத் தலைவி அமிர்தவல்லி பதில் வேண்டும் என்று விடாமல் கேட்டார்.

"அது... சீவுனவங்களுக்குத்தான் தெரியும்."

"யாரு சீவுனது?" என்று கேட்டார் அமிர்தவல்லி.

திரையில் கட்டுரையின் பெயர்ப்பட்டியல் இருந்தது. அதில் தேடிப் பயனில்லை என்று அவருக்கே தெரியும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செந்தமிழ்ச்செல்வி," என்றார் மெதுவாக.

செல்வி பேனாவைத் திறந்தாள்.

"சத்தமா சொல்லுங்க சார். எழுதிக்கணும்."

அவர் சத்தமாகச் சொன்னார்.