சுவர்க் கடிகாரமும் பெண்பிள்ளைகளின் படிப்பும்

திருவண்ணாமலையில் எந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டுகிறார்கள் என்பதுதான் ஆய்வுப் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு. எண்பதுகளின் தொடக்கம் அது. செங்கம் ரோட்டில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, காலையில் புறப்பட்டு வீடு வீடாகப் போவேன். ஊருக்குள் சில தெருக்கள், பிறகு அடி அண்ணாமலை, கீழ்பென்னாத்தூர். பல வீடுகளில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். சில வீடுகளில் ரேஷன் கார்டு விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து, நான் கேட்டதைவிட அதிகமாக என்னைக் கேட்டார்கள். தீபத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் போவதில்லை. எல்லா வீட்டிலும் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள்.

வீட்டின் வசதியை அறிய, என்னென்ன பொருட்கள் இருக்கின்றன என்று கேட்பேன். ரேடியோ, சைக்கிள், தையல் மெஷின், சுவர்க் கடிகாரம். வருமானத்தை நேராகக் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை என்பதால் இந்தச் சுற்றுவழி.

எல்லாம் முடிந்ததும் நான்கு கட்டங்கள் போட்டேன். ஒரு பக்கம் கடிகாரம் உள்ள வீடு, இல்லாத வீடு. இன்னொரு பக்கம் படிப்பைத் தொடர்ந்த பெண், நிறுத்திய பெண். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வீடுகள் விழுந்திருக்க வேண்டும் என்று முதலில் கணக்கிட வேண்டும். உண்மையில் விழுந்தது அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பிறகு பார்க்க வேண்டும். ரேடியோவுக்கு விலகல் சொற்பம். சைக்கிளுக்குக் கொஞ்சம். கடிகாரத்துக்கோ, தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு இருந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று முதலிலிருந்து மறுபடி போட்டேன். அதே விடைதான் வந்தது.

சென்னைக்குப் போய் என் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வசதி இருக்கிற வீட்டுல கடிகாரமும் இருக்கும், பொண்ணும் படிப்பா. இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?"

"அதையும் பிரிச்சுப் பாத்துட்டேன் சார். ஓட்டு வீடு தனியா, கூரை வீடு தனியா. ரெண்டுலயும் கடிகாரம் உள்ள வீட்டுப் பொண்ணுங்கதான் ஜாஸ்தி படிக்கறாங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்ப காரணம் என்னன்னு கண்டுபிடிங்க."

காரணம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டதாக நினைத்தேன். நேரத்தை மதிக்கிற குடும்பம் படிப்பையும் மதிக்கும். பஸ்ஸில் திரும்பி வரும்போதே அதற்கான வாக்கியங்கள் மனதில் அழகாக அமைந்துவிட்டன.

மறுநாள் ஒரு வீட்டில் விட்டுப்போன விவரம் ஒன்றைக் கேட்கப் போனேன். தகரப் பெட்டி செய்கிறவர் வீடு அது. கல்யாணப் பெண்கள் துணிமணி வைத்துக் கொண்டுபோகிற பெட்டிகள் அவர் கைவேலை. பல தலைமுறைகளாக ஊரில் இருக்கும் முஸ்லிம் குடும்பம். அவர் வீட்டுக் கடிகாரத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். அன்றுதான் அது இருந்த இடம் உறுத்தியது. என் தோளுக்கும் கீழே, உட்கார்ந்தால் முகத்துக்கு நேராகத் தொங்கியது.

"ஏன் பாய், இவ்வளவு கீழ மாட்டியிருக்கீங்க?"

அவர் சிரித்தார். "நானா மாட்டினேன்? இவதான் இங்க ஆணி அடிக்கச் சொன்னா."

எட்டாவது படிக்கும் அவருடைய மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "நான்தான் அக்கா சாவி கொடுக்கறேன். ஆறாவது சேந்தப்போ மேல மாட்டியிருந்தா எனக்கு எட்டாதே."

"அதுக்கு முன்னாடி கடிகாரம் எங்க இருந்தது?"

"அதுக்கு முன்னாடி கடிகாரமே இல்ல. முனிசிபாலிட்டி சங்கு ஊதின அப்புறம் கிளம்பினா லேட்டாயிடும், கேட்டை மூடிடுவாங்க. தெனம் அழுதேன். அப்பா வாங்கிட்டு வந்தாரு."

நான் கேட்க வந்த விவரத்தை மறந்துவிட்டேன். கடிகாரம் இருந்ததால் அல்ல அவள் பள்ளிக்குப் போனது. அவள் பள்ளிக்குப் போனதால் கடிகாரம் வந்திருக்கிறது. நான்கு கட்டங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் சேர்ந்திருப்பதைத்தான் அவை சொல்லும். எது எதை இழுத்து வந்தது என்று அவற்றால் சொல்ல முடியாது.

அவள் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"நீங்க கணக்கு போடறீங்களே, அதுல எங்க பொண்ணு எந்தப் பக்கம் வருவா? ஒன்பதாவது அனுப்பலாமா, போதுமானு வீட்டுல ஒரே பேச்சு."

பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"அது நிறைய வீட்டைச் சேத்துப் பாக்கற கணக்குமா. ஒரு பொண்ணு என்ன ஆவானு சொல்லாது."

"அப்ப யாரு சொல்லுவாங்க?"

அதற்கு மகள்தான் சொன்னாள். "நான் சொல்றேன். நான் போறேன்." அம்மா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பின் கடிகாரம் உள்ள எல்லா வீட்டுக்கும் மறுபடி போனேன். இந்த முறை ஒரே கேள்வி: கடிகாரம் எப்போது வந்தது? "இதக் கேக்கவா வெயில்ல வந்தீங்க?" என்று கீழ்பென்னாத்தூரில் ஒரு அம்மாள் வியந்தார். அவருடையது கல்யாணச் சீர். மகள் ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். இன்னும் பல வீடுகளில், மகள் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு வாங்கியதுதான். அப்படி வந்தவற்றை ஒதுக்கிவிட்டு மறுபடி கட்டங்கள் போட்டபோது விலகல் வெகுவாகக் கம்மியானது. ஆனால் முழுதும் மறையவில்லை. மிச்சமிருந்த அந்தக் கொஞ்சத்துக்குக் காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அப்படியே எழுதினேன். பேராசிரியர் அந்தப் பக்கத்தில் மட்டும் எதையும் அடிக்கவில்லை.

பஸ்ஸில் அமைத்த அழகான வாக்கியங்களில் ஒன்றையும் நான் பயன்படுத்தவில்லை. அதில் வருத்தம் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. வெயிலில் அந்த ஒரு கேள்வியோடு அலைந்த வாரங்களைப் போல வேறெந்த வேலையும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

ஆய்வேடு முடிந்த பிறகு அறையைக் காலி செய்ய ஊருக்குப் போயிருந்தேன். தேரடித் தெருவில் பெட்டிக்காரர் மகள் தோழிகளோடு வந்துகொண்டிருந்தாள். பத்தாவது படிப்பதாகச் சொன்னாள்.

"அம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"அப்பா பேசினாரு. அம்மா ரெண்டு நாள் பேசாம இருந்தாங்க. அப்புறம் அவங்களே யூனிபார்ம் தெச்சுக் கொடுத்தாங்க." தோழிகள் முன்னால் போய்விட்டார்கள். "வர்றேன் அக்கா, டியூஷன் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர்களை நோக்கி ஓடினாள்.