ஐந்து மாதங்களின் சராசரி

செமஸ்டரில் நடந்த மொத்த வேலை நாள்களில் மாணவி வந்த நாள்கள் எத்தனை பங்கோ, அதுவே வருகை விழுக்காடு. அது எழுபத்தைந்துக்குக் குறைந்தால் தேர்வெழுத முடியாது. விதி இவ்வளவுதான். தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ யாரும் படிப்பதில்லை.

என் மருமகள் கழக்கூட்டத்துக்கு அப்பால் ஒரு கல்லூரியில் பி.எட். கடைசி செமஸ்டரில் இருந்தாள். தேர்வெழுதிவிட்டால் ஜூனில் ஒரு பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். செமஸ்டரின் மூன்றாவது மாதம் என் மகன் இறந்தான். பைபாஸில் லாரி. ஹர்த்தாலும் ஸ்டிரைக்குமாக அந்த மாதம் கல்லூரி நடந்ததே பத்து நாள்தான். பத்து நாளும் அவள் போகவில்லை. மற்ற நான்கு மாதங்களில், மாதம் இருபத்தைந்து வேலை நாளில் இருபத்திரண்டு நாள் போயிருந்தாள்.

தேர்வுக்கு முன் ஒட்டிய பட்டியலில் அவள் வருகை எழுபது சொச்சம். நான்கு மாதங்களுக்கு எண்பத்தெட்டு விழுக்காடு, ஒரு மாதத்துக்குப் பூஜ்யம். கூட்டி ஐந்தால் வகுத்திருந்தார்கள். பத்து நாள் மாதத்துக்கும் இருபத்தைந்து நாள் மாதத்துக்கும் ஒரே எடை. அரசாங்கத்தில் இருந்த காலமெல்லாம் இந்தத் தவறைத்தான் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்தேன்.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் பாறசாலைப் பக்கத்துத் தமிழர்.

"வேண்டிய நாளை எக்ஸ்னு வச்சுக்கோங்கோ. எக்ஸை மொத்த நாள் நூத்திப்பத்தால வகுத்தா முக்கால் வரணும். அப்போ எக்ஸ் எண்பத்திரண்டரை. எண்பத்துமூணு நாள் போதும். அவ வந்தது எண்பத்தெட்டு."

"சாரே, எக்ஸும் ஒய்யும் நமக்கு அறியாது. சராசரி கம்ப்யூட்டர் போட்டது. நான் தொட்டா என் சோலி போவும்."

"கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

"பென்ஷன் வாங்கியும் சார் ஃபைல விடமாட்டீங்க, இல்லே? ஒரு காரியம் செய்யுங்க. குறைவுக்கு மாப்புன்னு ஒரு அப்ளிகேஷன், கூட மரண சர்ட்டிபிகேட். நாளைக்கே பிரின்சிபலோட கையொப்பு வாங்கித் தாறேன்."

வீட்டில் சொன்னேன். மருமகள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"எதுக்குப்பா மாப்பு? அவர் போனதுக்கா?"

"நோக்குக் குறைவே இல்லை. கணக்குத்தான் தப்பு."

"அப்போ கணக்கைத் திருத்தச் சொல்லுங்கோ. அவர் சர்ட்டிபிகேட்டை இதுக்கு நான் குடுக்க மாட்டேன்."

பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதினேன். முதல்வர் வழியாக, முறைப்படி, பெற்றுக்கொண்ட முத்திரையோடு. பிறகு நினைவூட்டல், அதற்கும் முத்திரை. பிரிவு அதிகாரி விடுப்பிலிருந்து திரும்பி, சராசரி என்றால் என்ன என்று கணிதத் துறையிடம் கருத்துக் கேட்டார்.

முதல் தேர்வன்று காலை, ஒருவேளை உத்தரவு வந்திருக்குமோ என்று புடவை கட்டிக்கொண்டு கல்லூரி வாசல்வரை வந்தாள். கூடவே நானும். மணி அடித்ததும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார். பள்ளிக்காரர்கள் அந்த வாரமே வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

மனுதாரரின் கணக்கு சரி, வருகை எண்பது விழுக்காடு, மாணவி தேர்வெழுத அனுமதிக்கப்படுகிறார் என்று பதில் வந்தது. கடைசித் தேர்வு முடிந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை.