தெப்பக்காட்டில் என் சக்களத்தி

வேப்பெண்ணெய் வாசனை பட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். என் சக்களத்தியின் வாசனை அது. சக்களத்தி என்றால் மனுஷி அல்ல, ஒரு யானை.

தேயிலை விலை விழுந்து, நடுவட்டம் பக்கத்தில் நாங்கள் வேலை பார்த்த எஸ்டேட்டில் ஃபேக்டரியைப் பூட்டிய காலம். எனக்காவது கொழுந்து பறிக்க வாரத்தில் சில நாள் வேலை இருந்தது. ஃபேக்டரி ஆளான என் வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை. கோயம்புத்தூருக்கு இறங்கிப் போனவர், தெருத்தெருவாக யானையை நடத்திக் காசு வாங்கும் ஒருவரிடம் உதவிக்குச் சேர்ந்தார். கடை வாசலில் யானை நின்று துதிக்கையைத் தலையில் வைத்து ஆசி கொடுக்கும். பிறகு அதே துதிக்கையை நீட்டும். அதைப் பழக்கியது தான்தான் என்று அவருக்கு ஏகப் பெருமை.

லீவில் வந்தால் பேச்செல்லாம் அவளைப் பற்றித்தான். லாரி ஹாரன் அடித்தால் பயந்து இவர் தோளில் துதிக்கையைப் போட்டுக்கொள்வாளாம். தார் ரோட்டுச் சூட்டில் பாதம் வெந்து வெடித்துவிடுகிறதாம். இவர் தினமும் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தேய்த்துவிடுவாராம். குளிரில் வெடித்து, அட்டை கடித்துக் கிடந்த என் காலை அவர் ஒரு நாள் குனிந்து பார்த்ததில்லை. நாலு கால் இருப்பவளுக்கு எண்ணெய், ரெண்டு கால்காரிக்கு ஒன்றுமில்லையா என்று கேட்டேன். சிரித்தார். அன்று குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன்.

பாதத்துப் புண் சீழ் வைத்து அவள் நொண்டினாள். யாரோ புகார் செய்ய, வனத்துறையினர் அவளைத் தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒழிந்தாள் என்று நான் மகிழ்ந்தது நாலு நாள்கூட நிலைக்கவில்லை. வேலை போய் வீடு திரும்பிய மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். கடைசியில், முகாமில் வேலை கேட்கப் போகிறேன், கிடைத்தால் அங்கேயே தங்கிவிடுவேன் என்றார். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் பஸ் ஏறினேன். அவளை நேரில் பார்த்துவிடும் ஆத்திரம் வேறு.

ஆற்றோரம் மண் தரையில் நின்று புல்லை உதறித் தின்றுகொண்டிருந்தாள். புண் ஆறி, சதை போட்டு, என்னைவிட நன்றாகவே இருந்தாள். இவர் குரல் கேட்டதும் புல்லைக் கீழே போட்டாள். இவரைக் கொஞ்சப் போகிறாள், அதையும் நான் நின்று பார்க்கவேண்டும் என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அவள் வந்தது என்னிடம். துதிக்கையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். பிறகு அதை என் முன்னால் நீட்டிக்கொண்டு, அவரையே பார்த்தபடி நின்றாள்.

முகாம் பாகனுக்கு ஆச்சரியம். "இங்க வந்ததிலிருந்து யார்கிட்டயும் இவ இப்படிச் செஞ்சதில்லைங்கண்ணா. உங்களப் பாத்ததுந்தான் கை நீட்டுறா."

என் வீட்டுக்காரர் அவளைத் தொடவில்லை. வேலையும் கேட்கவில்லை.

"வா புள்ள, போலாம். நான் நிக்கிற வரைக்கும் அவ திங்கமாட்டா."

புருஷன் எனக்கே என்று ஆகிவிட்டது. அவள் நன்றாக இருக்கட்டும் என்று அவளையே விட்டுவிட்டு வந்தாரே, அப்படி எனக்காக இந்த மனுஷன் எதை விட்டிருக்கிறார் என்று நடுவட்டம் வரும்வரை பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தேன்.