அண்ணன் கடைத் தராசும் எங்கள் கடைப் படியும்

எழுபதுகளின் நடுவில் பரவைச் சந்தையில் எங்களுக்கும் என் அண்ணனுக்கும் பக்கத்துப் பக்கத்துத் தானியக் கடைகள். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அண்ணன் தராசு வாங்கிக் கிலோவுக்கு மாறிவிட்டார். என் வீட்டுக்காரர் படியை விடவில்லை. படியில் விற்கக் கூடாது என்று சட்டம் வந்து வருடங்கள் ஓடியிருந்தன. ஆனாலும் சுற்றுப்பட்டிச் சனங்கள் படிக்கணக்கில்தான் கேட்டார்கள்.

கடை திறந்ததும் இருவருக்கும் வழக்கு ஆரம்பித்துவிடும்.

"மழ பெஞ்ச மறுநாளு ஒங்க தராசு தண்ணியையும் சேத்துல்ல நிறுக்குது மச்சான்? படியில அந்தப் பித்தலாட்டம் கெடையாது."

"வாங்குறப்பக் குமிச்சு அளக்குறீக, விக்கிறப்பப் படித் தலையத் தட்டி அளக்குறீக. கிலோவுல அந்த வேல நடக்குமா மாப்ள?"

சரக்கு வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைத்திருக்கிறேன். அப்படி ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை எட்டி உதைத்தார்.

"ஊரு முன்னால என்னையக் களவாணிங்கிறான் ஒங்கண்ணன். ஒனக்குச் சிரிப்பு வருதோ?"

ஒரு சந்தை நாளில் எடையளவு அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நேரே எங்கள் கடைக்குள் நுழைந்து படி, உழக்கு எல்லாவற்றையும் வாரித் தெருவில் போட்டார்கள். கூட வந்த ஆள் சம்மட்டியால் ஒவ்வொன்றாக நசுக்கினான். அடி விழும்போதெல்லாம் என் வீட்டுக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஜீப் போனதும் அண்ணன் தடுப்பைத் தாண்டி வந்தார்.

"விடுங்க மாப்ள. இனிமேலாச்சும் ஒரு தராசு வாங்கிப் போடுங்க."

"நீதான காட்டிக் குடுத்த?"

"ஆத்தா சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர் என் கையை உதறினார். அண்ணனின் கடைக்குள் பாய்ந்து, தராசுப் பக்கத்தில் இருந்த இரண்டு கிலோ இரும்புக் கல்லை எடுத்து, பின்னாலேயே ஓடிய அண்ணனின் முகத்தில் ஓங்கி அடித்தார். பச்சைக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் மொச்சைச் சாக்கின் மேல் சரிந்தார். வாயிலிருந்து பல்லும் ரத்தமும் மொச்சைக்குள் கொட்டின. என் வீட்டுக்காரர் மறுபடி கல்லை ஓங்கினார். நான் குறுக்கே விழுந்தேன். அந்த அடி என் தோளில் இறங்கியது.

அதற்குள் மூட்டை தூக்குகிறவர்கள் ஓடிவந்து அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த மதினி, அண்ணனின் மனைவி, என் கூந்தலைச் சுற்றிப் பிடித்துக் கடைத் தூணில் என் தலையை மோதினாள்.

"ஒம் புருசன் என் தாலிய அறுக்கப் பாத்தானடி!"

நான் தடுக்கவில்லை. அவளுக்கு வேறு யாரை அடிக்கத் தெரியும்?

பெரியாஸ்பத்திரியில் அண்ணனின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். பேச முடியாத அண்ணன், அடுக்கிய மூட்டை தன் மேல் சரிந்துவிட்டதாகக் கையாலேயே ஜாடை காட்டினார். மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் விலா எலும்பு முறிந்து அதே வார்டில் எதிர்க்கட்டிலில் படுத்திருந்தார். அந்த வாரம் அதிகாரிகள் மாட்டுத்தீவனக் கடை, எண்ணெய்க் கடை என்று எல்லாச் சந்தையிலும் புகுந்து வந்ததாகப் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். காட்டிக்கொடுக்க யாருமே தேவைப்பட்டிருக்கவில்லை. அதைக் கேட்டு இவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

அதன்பிறகு அவர் சந்தைப் பக்கமே வரவில்லை. நான் தாலிக்கொடியை அடகு வைத்துத் தராசு வாங்கிக் கடையைத் திறந்தேன். தோள் வலியோடு நிறுத்துப் பழகினேன்.

சில மாதம் கழித்து அண்ணனே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் பின்கட்டுக்குப் போய்விட்டார். காப்பி கொடுத்தேன். கோணிய உதட்டோரம் வழிந்ததை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

"மாப்ள இல்லயா?" என்றார் குழறலாக.

"இருக்காக. வர மாட்டேங்குறாக."

அண்ணன் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். வெகுநேரம் கழித்து இவர் கதவோரம் வந்து நின்று கேட்டார்.

"போயிட்டாரா?"