தழும்பில்லாத கை

யுத்தம் தொடங்கிய வருஷம் உறையூரில் ஒரு பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். வயது இருபத்திரண்டு, தலைக்கனம் அதைவிடக் கூட. பிள்ளைகள் கதை கட்டினால் ஒவ்வொன்றிலும் அதே கோரைப்பல் ராட்சசன்தான் வந்து நிற்பான். எனக்குச் சலித்துப்போயிற்று.

"பல்லும் கொம்பும் யாருக்கு வேணும்? உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள் மாதிரியே ஒரு வில்லனைச் செய்யுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறியிருக்கணும்" என்றேன்.

நிழல் விழாத பால்காரர் வந்தார். கண் இமைக்காத தபால்காரர் வந்தார். வகுப்பே சிரித்தது. கடைசி வரிசையிலிருந்து எட்டு வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். வாயே திறக்காத பிள்ளை அது.

"அவ எங்கம்மா மாதிரியே இருப்பா டீச்சர். எங்கம்மா புடவையத்தான் கட்டியிருப்பா. எங்கம்மா மாதிரியேதான் கூப்பிடுவா. ஆனா அம்மாவுக்கு இடது கையில எண்ணெய் சுட்ட தழும்பு இருக்கும். அவளுக்கு இருக்காது."

பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. மடச்சி நான், "சபாஷ்!" என்று கைதட்டி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அம்மா தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள்.

"என்னத்த டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? ரெண்டு நாளா என் கையால எதைக் குடுத்தாலும் தொட மாட்டேங்குது. அம்மான்னு கூப்பிடறதையும் நிறுத்திடுச்சு."

என் கண் அவள் இடது கைக்குப் போயிற்று. மழமழவென்று இருந்தது.

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது.

"அக்கா பிரசவத்துல போயிட்டா. இதுக்கு அப்ப நாலு வயசு, அம்மா அம்மான்னு ஜன்னி கண்டு கெடந்துச்சு. என்னையே மாமாவுக்குக் கட்டி வச்சாங்க. அக்கா புடவையக் கட்டிக்கிட்டு, ஆஸ்பத்திரியிலேருந்து வர்ற மாதிரி வண்டியிலேருந்து எறங்கச் சொன்னாங்க. எறங்கினேன். அன்னைக்கிலேருந்து அக்கா பேருதான் எனக்கு. என் பேரச் சொல்லிக் கூப்பிட அந்த வீட்ல யாருமில்லைங்க."

"இனிமே மறைச்சா புள்ள பட்டினியிலேயே போயிடும். சொல்லிடுங்க" என்றேன்.

"வீட்ல தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க" என்றாள். ஆனாலும் பிள்ளையைக் கூப்பிட்டு மடியில் இருத்திக்கொண்டாள்.

"உங்கம்மா ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வரல கண்ணு. அன்னைக்கு வண்டியிலேருந்து எறங்கினது நான், உன் சித்தி."

செத்துப்போனாள் என்ற வார்த்தை அவள் வாயிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை. பிள்ளை அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "சித்தி" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. சித்தி அழுதுகொண்டே ஊட்டினாள். சட்டி காலியாகும்வரை தின்றது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு பிள்ளை என்னைப் பார்த்தது.

"டீச்சர், அப்போ எங்கம்மாவ யார் வீட்ல எறக்கி விட்டிருக்காங்க?"